மெட்ரோனோம் வேண்டாம், பாடகரைக் கேளுங்கள்

ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் பதிவு செய்து, அதையெல்லாம் ஒட்டி இணையத்தில் பரோக் (17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) கச்சேரி வெளியிட்ட ஒரு குழுவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன், ரொம்பப் பிடித்தது. நானும் ஒரு சின்னக் குழுவில் லூட் (கிட்டார் போன்ற பழைய தந்தி வாத்தியம்) வாசிக்கிறேன்.

ஆனால் அந்தக் குழுவில் எல்லோரும் காதில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) மாட்டிக்கொண்டு வாசித்தது எனக்கு உறுத்துகிறது. நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். காலப்பிரமாணம் அசையவில்லை, பாட்டில் உயிரும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டுப் பாடலில் பாடகர் ஒரு சொல்லில் தயங்கினால் பக்கவாத்தியமும் தயங்க வேண்டும். அப்புறம் முறையை மாற்றினோம். பாடகர் துணையில்லாமல் ஒருமுறை பாடி அனுப்புவார். அதைக் கேட்டபடி ஹார்ப்சிகார்டும் (பியானோ போன்ற பழைய விசைப்பலகை வாத்தியம்) பாஸ் வயலும் (வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) பதிவாகும். அதன்மேல் பாடகர் மறுபடி பாடுவார். வேலை இரட்டிப்புதான், ஆனாலும் மூச்சு திரும்பி வந்தது.

சுருதி பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! சுருதி சேர்க்க அடிப்படையான A சுரத்தை இன்றைய 440-க்குப் பதில் பரோக் இசைக்கு வழக்கமான 415 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. ஹார்ப்சிகார்டு மீன்டோன் முறையிலும் (காந்தாரங்கள் இனிமையாகச் சேரும்படி சுருதி சேர்க்கும் பழைய முறை) வயலின் கைபேசி டியூனரின் சம இடைவெளி முறையிலும் இருந்தால், ஒட்டும்போது காந்தாரங்கள் உரசும். ஹார்ப்சிகார்டின் 12 சுரங்களையும் பதிவு செய்து முதலிலேயே எல்லோருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. குடல் நரம்புத் தந்திகள் ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறும், அதனால் ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சரிபார்க்கத்தான் வேண்டும்.

நேரலையில் வாசிப்பவர்களுக்கு ஒன்று: வீடியோ அழைப்புச் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். லூட்டின் தேய்ந்து அடங்கும் ஒலியை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது.