பொந்துக்கு எத்தனை வயது?

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் போதும், முகநூல் முழுக்க மரக்கன்றும் கையுமாக நிற்கும் படங்கள். நடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே "இருவாச்சியைக் காப்போம்" என்றும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. மரப்பொந்தில் கூடு வைக்கும் பெரிய அலகுப் பறவை இருவாச்சி; அதற்கு இன்று தட்டுப்பாடாக இருப்பது கிழட்டு மரம். அதுவும் உள்ளே உளுத்துப்போன மரம்.

ஆனைமலையில் காணப்படும் பெரிய இருவாச்சி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், சுமார் மூன்று கிலோ எடை. மரங்கொத்தியைப் போலத் தானே மரத்தைக் குடைந்துகொள்ள அதற்குத் தெரியாது. எப்போதோ ஒரு பெரிய கிளை முறிந்திருக்க வேண்டும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை இறங்கி நடுத்தண்டை அரித்திருக்க வேண்டும். அப்படியும் மரம் சாகாமல் நின்றிருக்க வேண்டும். இத்தனையும் கூடிவரப் பல தலைமுறைகள் ஆகும். இந்த ஆண்டு நட்ட கன்றில் இருவாச்சி குடியேறுவதை நம் பேரப்பிள்ளைகள் பார்த்தாலே பெரிய விஷயம்.

கோடைக்கு முன்னால் பெண் பறவை பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும். பூச்சுக்குத் தன் எச்சமும் பழச்சக்கையுமே போதும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். ஆண் வந்து மரத்தைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். உள்ளே இருப்பது சோம்பேறி அல்ல. பின்பக்கத்தைக் கீறலுக்கு நேராகத் திருப்பி எச்சத்தை வெளியே பீய்ச்சிக் கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். குஞ்சு பறக்கத் தயாராகும் முன்பே தாய் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு குஞ்சே உள்ளிருந்து வாயிலை மறுபடி பூசிக்கொள்ளும்! யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எல்லாம் முடிய ஏறத்தாழ நான்கு மாதம். பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சு. இந்த நான்கு மாதத்தில் ஆண் செத்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் நாம் அறிந்திருப்பது, 1990களில் ஆனைமலையில் கூட்டு மரங்களுக்குக் கீழே நாள்கணக்காகக் காத்துக்கிடந்த ரகுபதி கண்ணன், திவ்யா முடப்பா போன்ற ஆய்வாளர்களால். கூட்டுக்கு அடியில் விழும் விதைகளைப் பொறுக்கி எண்ணித்தான் பறவை என்ன தின்கிறது என்று கணக்கிடுகிறார்கள். நமக்கு எச்சம், அவர்களுக்குத் தரவு. சரி, அது போகட்டும்.

அண்மைக்கால ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வால்பாறைதான். தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே துண்டு துண்டாக மழைக்காடு நிற்கும் மேட்டுநிலம் அது. பெரிய காட்டுக்குள் மட்டும்தான் இருவாச்சி இருக்கும் என்றால், இங்கே அதற்கு வேலையே இல்லை. ஆனால் காட்டுத் துண்டுகளிலும் காப்பித் தோட்டங்களை ஒட்டியும் அது வாழ்கிறது, கூடும் வைக்கிறது; அத்தி வகைகளும் பருத்த நாட்டு மரங்களும் விட்டுவைக்கப்பட்டிருந்தால். நிழலுக்கு வரிசையாக சில்வர் ஓக் நட்ட தோட்டம் தூரத்திலிருந்து பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். அதில் பழமும் கிடையாது, பொந்தும் கிடையாது. பசுமைப் பரப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குக் காட்டும்போது இரண்டும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன.

செயற்கைக் கூடு வைக்கலாமே என்பார்கள். தாய்லாந்தில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் பிலாய் பூன்ஸ்வாட் குழுவினர் அதைச் செய்திருக்கிறார்கள், பறவைகள் ஏற்றுக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் அவர்கள் செய்யும் இன்னொரு வேலைதான் எனக்குப் பிடித்தது. உளுப்பு கூடக்கூடப் பொந்தின் தரை கீழே இறங்கிவிடும். உள்ளே அமரும் பறவைக்குக் கீறல் எட்டாது. மரமேறி மண்ணிட்டுத் தரையை உயர்த்திக் கொடுக்கிறார்கள். கைவிடப்பட்ட வீடு மறுபடி குடியிருக்கத் தகுதியாகிறது. அதற்கு எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் காட்டு மக்கள். கேரளத்தின் வாழச்சாலில் காடர்களும், அருணாசலத்தின் பக்கே பகுதியில் ஒரு காலத்தில் இருவாச்சியை வேட்டையாடிய நிஷி மக்களும் இன்று கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள்.

கன்று நடும் விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. எஸ்டேட்டுகளில் நிற்கும் பொந்து மரங்களைப் பதிவு செய்து எண் கொடுக்க வேண்டும். காவலுக்கு உள்ளூர்க்காரர்களை வைத்துச் சம்பளம் தர வேண்டும். "தேறாத மரம்" என்று முதலில் வெட்டக் குறிப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பட்டியலைப் பொதுவெளியில் போடக் கூடாது. போட்டால் மறுநாளே கேமராவோடு கூட்டம் மரத்தடியில் நிற்கும். ஆள் நின்றால் ஆண் பறவை இரையோடு கிட்டே வராது.

தென்மேற்குப் பருவக்காற்றில் லயன் வீடுகள் மேல் கிழட்டு மரம் சாய்ந்தால் யார் பொறுப்பு என்று தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டின் மேல் சாயும் மரத்தை வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சரிவிலும் ஓடைக்கரையிலும் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நிற்பவற்றைத்தான் சொல்கிறேன். முதலில் அவற்றை எண்ணுங்கள்.