பாலாற்று மணலில் ஒரு கார் சண்டை

கார் சண்டை கேம்களை எல்லோரும் ரேஸ் கேம் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சிடி விற்ற காலத்தில் கடைகளில் அப்படித்தான் அடுக்கினார்கள், இன்று மொபைலில் தேடினாலும் அப்படித்தான் வருகிறது. இதில் எனக்குப் பல வருஷ வருத்தம் உண்டு. ரேஸ் என்றால் ஒரு பாதை இருக்கும், எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், முந்துகிறவன் ஜெயிப்பான். நாலு பக்கமும் அடைத்த ஒரு களத்துக்குள் வண்டிகளை விட்டு, கடைசியில் மிஞ்சுகிறவன் யார் என்று பார்க்கும் கேமில் பாதையே கிடையாது. யாரும் யாருக்கும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எப்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருப்பவன்தான் அங்கே முதலில் சாவான்.

போன லீவுக்கு அக்கா பையன் சத்துவாச்சாரியிலிருந்து வந்திருந்தான். மொபைலில் துப்பாக்கிச் சண்டை ஆடியே வளர்ந்தவன், கை வேகம் அபாரம். வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது, அதில் முதல் பிளேஸ்டேஷனின் சிடிகளும் ஓடும். 1996இல் வந்த ட்விஸ்டட் மெட்டல் 2 என்ற கார் சண்டை கேமைப் போட்டு ஒரு கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே எரிச்சலாகிவிட்டான். "இன்னா மாமா, இது சைடுல நகரவே மாட்டுது?"

நான் பல வருஷமாகச் சொல்லவந்தது அவன் கேள்வியிலேயே இருந்தது. கார் பக்கவாட்டில் நகராது. துப்பாக்கி கேமில் கால் ஒரு பக்கம் ஓடும், கை இன்னொரு பக்கம் சுடும். காரில் அந்த வசதி இல்லை. பெரும்பாலும் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ஏவுகணை போகும். எதிரியை அடிக்க வேண்டுமென்றால் முழு வண்டியையும் அவன் பக்கம் திருப்பியாக வேண்டும், திருப்பினால் அவனை நோக்கிப் போயாக வேண்டும், போனால் அவன் எதிரே நாமும் நிற்க வேண்டும். தப்பிக்க வேண்டுமென்றால் முதுகைக் காட்ட வேண்டும். ஸ்டியரிங் பிடிப்பதும் குறிவைப்பதும் இங்கே ஒரே வேலை. இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்துதான் இந்த வகை கேமின் அழகு முழுக்கப் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதைப் புரிந்துகொண்டு செய்தவர்களின் கணக்கைப் பாருங்கள். ட்விஸ்டட் மெட்டல் 2-இல் எதிரியைத் தானே தேடிப்போகும் ஏவுகணை இருக்கிறது, ஆனால் அதன் அடி குறைவு. ஓரளவு மட்டும் வளைந்து போவது ஒன்று, அதற்கு அடி கொஞ்சம் அதிகம். பவர் மிசைல் நேர்கோட்டில் மட்டும்தான் போகும், அது பட்டால்தான் பலமான அடி. அதாவது ஓட்டத் தெரிந்தவனுக்குக் கூலி அதிகம். வண்டிகளும் அப்படித்தான். மிஸ்டர் கிரிம் என்று ஒரு மோட்டார் சைக்கிள், நாலு அடி தாங்காது, ஆனால் அவனுடைய சிறப்பு ஆயுதம் படுகிற தூரத்துக்குள் நீங்கள் போய்விட்டால் உங்கள் கதை முடிந்தது. என் அக்கா பையன் முதலில் தேர்ந்தெடுத்தது ஹேமர்ஹெட் என்ற ராட்சசச் சக்கர வண்டியை. பெரிசாக இருப்பது பலம் என்று நினைத்தான். சாயங்காலத்துக்குள் கிரிமுக்கு மாறிவிட்டான், யாரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

1995இல் வந்த டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பியில் ஆயுதமே கிடையாது, மோதல் மட்டும்தான். அடி எந்தப் பக்கம் பட்டது என்பதை அது தனித்தனியாகக் கணக்கு வைக்கும். முன்பக்கத்தை நொறுக்கிக்கொண்டால் ரேடியேட்டர் போச்சு. அமெரிக்காவில் பழைய கார்களை மோதவிட்டு, கடைசிவரை ஓடுவது எது என்று பார்க்கும் நிஜமான டெர்பியிலும் அனுபவமுள்ளவர்கள் ரிவர்ஸில் வந்து பின்பக்கத்தால்தான் இடிப்பார்கள். இதைப் போய் மூளைக்கு வேலையில்லாத விளையாட்டு என்கிறார்கள்.

அப்புறம் களம். நல்ல களத்துக்கு என்ன வேண்டும் என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். முட்டுச்சந்து இருக்கக் கூடாது. மேடு பள்ளம் வேண்டும். ஒளிய இடம் வேண்டும், ஆனால் ஒளிந்தே ஜெயிக்க முடியக் கூடாது. ட்விஸ்டட் மெட்டல் 2-இன் பாரிஸில் ஈஃபில் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்க்கலாம். சாய்ந்த கோபுரம் பாலமாகிவிடும், அதில் ஏறி வீட்டுக் கூரைகளுக்குப் போகலாம். அண்டார்டிகாவில் பனித்தரை துண்டு துண்டாக உடைந்து விழும், நேரம் போகப் போக நிற்க இடம் குறையும், ஒளிந்தவனும் வெளியே வந்தே தீர வேண்டும். மரியோ கார்ட் 64 கேமில் சண்டைக்கென்றே உள்ள பிளாக் ஃபோர்ட் களம் இன்னும் எளிமை: நாலு மூலையில் நாலு நிறத்தில் நாலு கோட்டை, இடையில் பாலங்கள், ஆளுக்கு மூன்று பலூன், மூன்றும் வெடித்தால் அவுட். அவ்வளவுதான். நாலு பேர் உட்கார்ந்தால் ராத்திரி போவது தெரியாது.

இதையெல்லாம் ஆடும்போது என் மனசில் ஓடுவது பாலாறுதான். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் பாலத்தில் போகிறவர்கள் அடுத்த முறை கீழே பாருங்கள். வெள்ளம் வருகிற சில நாட்களை விட்டால் அவ்வளவு அகலத்துக்கும் மணல், முள்செடி, பழைய மணல் குழிகள். சாலைப் பாலத்துக்கு ஒரு வரிசைத் தூண், ரயில் பாலத்துக்கு ஒரு வரிசைத் தூண். தூண்களுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓட்டலாம், தேடிவரும் ஏவுகணையைத் தூணில் மோத வைக்கலாம். மணலில் பைக் திணறும், டிராக்டர் ராஜாவாகப் போகும். மேலே ரயில் போகிற சத்தத்தில் எதிரி வருவது கேட்காது. மேற்கே மழை பெய்தால் ஆட்டத்தின் நடுவில் தண்ணீர் வரட்டும், நடுக்களம் மூழ்கட்டும், எல்லோரும் கரைக்கு ஓடட்டும். அண்டார்டிகாவில் பனி செய்த வேலையை இங்கே பாலாறு செய்யும்.

கோட்டையை ஏன் விட்டாய் என்று வேலூர்க்காரர்கள் கேட்பீர்கள். அகழி இருக்கிறது, இரட்டை மதில் இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் சர்ச்சும் மசூதியும் இருக்கின்றன, 1806இல் சிப்பாய்கள் செத்த மண் அது. அங்கே ஏவுகணை விட எனக்கு மனசு வராது. செய்வதாக இருந்தால் அகழியை ஒட்டிய வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வண்டிகளுக்கு நமக்கா பஞ்சம்? அந்த கேம்களின் வண்டிகள் அமெரிக்கத் தெருவிலிருந்து வந்தவை. ட்விஸ்டட் மெட்டலின் முகமே ஸ்வீட் டூத் ஓட்டும் ஐஸ்கிரீம் வண்டிதான். அதே வகையில் 1998இல் வந்த விஜிலான்டி 8 கேமில் ஸ்கூல் பஸ் வரும். நம் தெருவில் ஷேர் ஆட்டோ இருக்கிறது: சட்டென்று திரும்பும், லேசாக இடித்தாலே கவிழும். தண்ணி லாரி இருக்கிறது: மெதுவாகத்தான் நகரும், எத்தனை அடியும் தாங்கும், பின்னால் தண்ணீரைத் திறந்துவிட்டால் துரத்துகிறவன் சேற்றில் மாட்டுவான். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரின் டிரெய்லரைக் கழற்றிவிட்டால் வழியே அடைபடும். இவை எல்லாவற்றுக்கும் பலமும் பலவீனமும் ஏற்கெனவே இருக்கின்றன, யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

புதிதாக வந்தவற்றில் எனக்கு மனக்குறை உண்டு. 2021இன் டிஸ்ட்ரக்‌ஷன் ஆல்ஸ்டார்ஸ் பார்க்க அழகு. ஆனால் கார் உடைந்தால் டிரைவர் இறங்கி ஓடலாம், வேறு காரில் ஏறலாம். காரை விட்டு இறங்க முடிந்தால், நான் முதலில் சொன்ன அந்தக் கட்டுப்பாடே போய்விடுகிறதே. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிவியில் ஆடவும் அதில் வழியில்லை. சோனி புதிய ட்விஸ்டட் மெட்டல் ஒன்றைத் தயாரித்து, 2024இல் பாதியில் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. ராக்கெட் லீக் மட்டும் விதிவிலக்கு. 2015இல் வந்தது, காரை வைத்து ஆடும் பந்து விளையாட்டுதான், ஆனால் பெரும்பாலும் மூக்கைத் திருப்பித்தான் பந்தை அடிக்க வேண்டும். டிவியை நாலாகப் பிரித்து நாலு பேர் ஆடவும் முடியும். இத்தனை வருஷம் அது நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிவியைப் பாதியாகப் பிரித்து ஆடுவதை ஏதோ வசதியில்லாத காலத்துப் பழக்கம் என்று பலர் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆடவிட்ட கேம் கடைகள் வேலூரில் இருந்தபோது, பக்கத்தில் இருப்பவன் பாதியை ஓரக்கண்ணால் பார்ப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி. நான் எங்கே இருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதனால் வலது பக்கம் போகிற மாதிரி காட்டி இடது பக்கம் திரும்புவோம். தோற்றவன் தோளில் இடிப்பான், அடுத்த ரவுண்டுக்குக் காசு தேடுவான். முகம் தெரியாத ஆளோடு ஆன்லைனில் ஆடும்போது இது எதுவும் இல்லை.

காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டைப் பக்கம் கல்லூரிகளில் கேம் செய்யப் படிக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த புராஜெக்டுக்கு இன்னொரு துப்பாக்கிச் சண்டை வேண்டாம். மூன்று வண்டி, ஒரு பாலம், கொஞ்சம் மணல், ஒரே திரையில் இரண்டு பேர், இது போதும். பாலத்துக்கு எத்தனை தூண் என்று எண்ணிச் சொல்ல வேண்டுமென்றால் நான் வருகிறேன். விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல அக்கா பையன் தயாராக இருக்கிறான், கிரிமுக்குப் பதில் எந்த பைக் என்று மட்டும் முதலில் அவனிடம் கேட்டுவிடுங்கள்.