முற்றம் மட்டும் போதாது

"ஜெய்சல்மேர் மாதிரி நடுவில் முற்றம் வைத்தால் சேலத்திலும் ஏசி வேண்டாம்" என்று சொல்வது பாதிதான் சரி சார். ராஜஸ்தான் பாலைவன ஊரான ஜெய்சல்மேர் சுமார் 27 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில், உச்சிப்பொழுதிலும் அங்கே 30 அடி தெற்குச் சுவர் 8 அடி நிழல் போடும். சேலம் 11.6 பாகை, அதே நாளில் வெயில் நேர் தலைக்கு மேல். சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் நிழல் பூஜ்யம், தரை ஓடு கால் வைக்க முடியாமல் கொதிக்கும்.

பகலில் பச்சை வலையோ கீற்றுப் பந்தலோ வேண்டும், அதுவும் சுருட்டும் வகையில். பொழுது சாய்ந்ததும் திறந்துவிட்டால்தான் தரையும் சுவரும் வானத்தை நோக்கிச் சூட்டைக் கக்கும். முற்றத்தைப் பார்த்த ஜன்னல்களைக் காலை 9 மணிக்கே சாத்திவிடுங்கள். மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினால் அது முற்றமல்ல, அடுப்பு. மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக் கணக்கே வேறு, அதை இதில் சேர்க்காதீர்கள்.