ரிப்பன் மாளிகைக்குச் சுண்ணாம்புதான் வேண்டும்

சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் கண்ணில் அந்த வெள்ளைக் கட்டடம் படாமல் இருக்காது. பெயரில் இருக்கும் ரிப்பன், 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபு. ஊர் நிர்வாகத்தை ஊர்க்காரர்களே நடத்தட்டும் என்று 1882-ல் தீர்மானம் கொண்டுவந்தவர். மாநகராட்சிக் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது. எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்த அலுவலகம் இங்கே மாறியது 1913-ல். 1909 டிசம்பரில் அப்போதைய வைஸ்ராய் மின்டோ பிரபு அடிக்கல் நாட்ட, கட்டடக் கலைஞர் ஹாரிஸின் வரைபடப்படி ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார் கட்டி முடித்தார். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். நீளம் 85 மீட்டர், அகலம் 32, மணிக்கூண்டின் உயரம் 43.

1920 செப்டம்பரில், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்க மன்றம் ஒப்புதல் தந்தது. பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. தமிழ்நாட்டின் மதிய உணவுக்கு வேர் இந்த ஓரணா. அதே மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. ரிப்பன் பெயரைச் சுமக்கும் கட்டடத்துக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்பேன்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வருவது சுவரைப் பற்றி. உட்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், கூரையைத் தாங்குவது தேக்கு உத்தரம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும், கடைசியில் செங்கல்லே மாவாகும். உடனே "பழைய கட்டடம், பலமில்லை" என்பார்கள். கெடுத்தது பூச்சு, பழி கட்டடத்துக்கு!

சரியான வேலை மெதுவானது. சிமென்ட் பூச்சை மெஷின் வைக்காமல் உளியால் கொத்தி எடுக்க வேண்டும். சுவர் காயும்வரை காத்திருக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் சேர்த்து நன்றாக அரைக்க வேண்டும். சுவரை நனைத்து மெல்லிசாக, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் பூச வேண்டும். ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காப்பாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அவசரப்பட்டால் வெடிப்பு நிச்சயம். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் போதும்.

உத்தரத்தில் பார்க்க வேண்டியது சுவருக்குள் போகும் முனை. மழைநீர்க் குழாய் அடைத்தால் முதலில் உளுத்துப்போவது அதுதான், வெளியே தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டுங்கள்: நல்ல தேக்கு கணீரென்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் ஒரு தரம் மொட்டைமாடித் தூம்புகளைச் சுத்தம் செய்துவிட்டால் இதில் பாதி வேலை வராது. டெண்டரில் "சுண்ணாம்புப் பூச்சு" என்று தனியாக எழுதி, அது தெரிந்த கொத்தனாருக்குக் கூடுதல் கூலியும் போடுங்கள்.