சீட்டு விழாத வீடுகளுக்கு

எங்கள் கடை சென்னை வியாசர்பாடியில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் மனு. 2024 ஏப்ரல் 22 முதல் மே 20 வரை ஆர்.டி.இ. மனு, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் கேட்கும் மனு, போட வந்தவர்களால் கடை வாசலில் செருப்பு விட இடமில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நானே மனுப் பதிவு செய்தேன். அதில் ஒரு மனு என் மகளுடையது.

ஜூன் முதல் வாரத்தில் அதே முகங்களில் சில ஆதார் அட்டையை நகல் எடுக்க மறுபடி வந்தன. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடகுக் கடையில் அந்த நகலைக் கேட்பார்கள். குலுக்கலில் கிடைக்காத இடத்தைக் கடன் வாங்கிப் பிடிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்த அடகுக் கடை வாசல்வரை போய்விட்டு வந்தவள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். நம் மாநிலத்தில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் மனுப் போட முடியும். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்றால் வருமானச் சான்று, இருப்பிடத்துக்கு ஓர் ஆதாரம். இடத்தைவிட மனு அதிகமானால் பள்ளியிலேயே பெற்றோர் முன்னிலையில் குலுக்கல்.

நாங்கள் போட்ட பள்ளியில் 17 இடங்கள். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு; அது நியாயம்தான். அப்படி மூன்று இடங்கள் போக மீதி 14. குலுக்கலுக்கு வந்த பெயர்கள் 91.

ஓர் எவர்சில்வர் குண்டானில் மடித்த சீட்டுகளைப் போட்டு மேசைமேல் வைத்தார்கள். கல்வித் துறையிலிருந்து வந்திருந்த அலுவலர் கூட்டத்தைப் பார்த்து, ஒரு பிள்ளையை மேடைக்கு அனுப்பச் சொன்னார். முன் வரிசையிலிருந்து ஏழு வயது இருக்கும் ஒரு பையன் எழுந்து போனான். தன் தங்கைக்காக அம்மாவுடன் வந்தவன். ஒவ்வொரு சீட்டையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தான். பெயர் படித்ததும் யாராவது ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். பத்தாவது சீட்டுக்குப் பிறகு எனக்குக் காது அடைத்துவிட்டது. உதடுகள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. பதினான்காவது பெயரும் என் மகளுடையது இல்லை.

வெளியே வந்தபோது மாடிப்படிக்குக் கீழே அந்தப் பையன் நின்றிருந்தான். அவன் தங்கையின் பெயரும் வரவில்லை. அவன் அம்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, “உன் கையாலேயே கெடுத்துவிட்டாயேடா” என்று கத்தினார். பையன் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் அன்றிரவு அதே கதைதான், அடி மட்டும் இல்லை. “மனுவில் எதையாவது தப்பாக அடித்துவிட்டாயா?” என்று என் கணவர் கேட்டார். ஊருக்கெல்லாம் மனுப் போடுகிறவள் சொந்தப் பிள்ளைக்குக் கோட்டைவிட்டாளா என்பதுதான் அதன் பொருள். ஒப்புகைச் சீட்டை எடுத்து மூன்று முறை சரிபார்த்தேன். பிறந்த தேதி சரி. முகவரி சரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 91 பேருக்கு 14 இடம் என்றால் 77 வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியாது. யார் எவ்வளவு ஒழுங்காக மனுப் போட்டாலும் அந்த 77 குறையாது. இவ்வளவு எளிய கணக்கு எனக்குப் புரியவே நான்கு நாள் ஆனது. அதுவரை நான் கும்பிடாமல் விட்ட சாமி எது, அன்று காலை எதிரில் வந்தது யார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் என் அம்மா போட்ட கம்மலையும் சங்கிலியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். அதே பள்ளியில் எல்.கே.ஜி.க்கு, புத்தகம் சீருடை எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு 42,000 ரூபாய் கேட்டார்கள். நகை போதாவிட்டால் மீதிக்குத் தண்டல், அதாவது தினமும் தவணை கட்டும் கடன், எடுக்கலாம் என்று கணவர் சொல்லியிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மழை பெய்தால் அன்றைக்கு வருமானம் இல்லை, தண்டலுக்கு மட்டும் மழை நாள் கிடையாது.

கடையை மூடிவிட்டுப் போகலாம் என்று ஷட்டரில் கை வைத்தபோது மாநகராட்சித் தொடக்கப் பள்ளி டீச்சர் ஒருவர் மாணவர் சேர்க்கைத் துண்டுப் பிரசுரம் நகல் எடுக்க வந்தார். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து முகம் கறுத்திருந்தது. இருநூறு நகல். எடுத்துக்கொண்டிருக்கும்போதே, “உங்கள் பாப்பாவை எங்கே சேர்க்கிறீர்கள் அம்மா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “நாளைக்கு வந்து வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் சேர்க்க வேண்டாம்” என்றார்.

போனேன். வகுப்புகள் இன்னும் தொடங்கவில்லை. சேர்க்கைக்கு வந்திருந்த ஆறு பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து அந்த டீச்சர் கதை சொன்னார். என் மகள் என் மடியிலிருந்து நழுவி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கதை முடிவதற்குள் டீச்சரின் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டை முடிச்சு வீட்டு அலமாரிக்கே திரும்பிப் போனது.

அங்கே குறையே இல்லை என்று சொன்னால் பொய். எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் ஒரே அறை, ஒரே டீச்சர். கழிப்பறைக்காக நாங்கள் ஏழெட்டு அம்மாக்கள் சேர்ந்துபோய் இரண்டு முறை சண்டை போட்டோம். இரண்டாம் முறை கதவு வந்தது. ஆங்கிலம் நான் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. ஆனால் தமிழில் கடைப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வருகிறாள். வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒன்று முதல் ஐந்துவரை காலை உணவு தருவதால் காலை அவசரமும் குறையும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு என்பதும் கடைக்கு வருகிற பலருக்குத் தெரியவில்லை.

சீட்டு விழுந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கையால் மனுப் போட்டு இடம் கிடைத்த மூன்று குடும்பங்கள் அதே ஆண்டில் திரும்பி வந்தார்கள், புகார் மனு டைப் செய்ய. புத்தகத்துக்குத் தனி, சீருடைக்குத் தனி, கணினி வகுப்புக்குத் தனி என்று பள்ளியில் பணம் கேட்கிறார்கள். அதோடு, இந்தச் சலுகை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் நிற்கும். அது தெரியாமல்தான் பலர் குண்டானைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அது அந்தப் பள்ளிமேல் இல்லை. சட்டத்தின் பெயரில் உரிமை என்ற சொல் இருக்கிறது. உரிமையைக் குண்டானில் போட்டுக் குலுக்கலாமா? எங்கள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இரண்டு பெரிய பழைய பள்ளிகள் உண்டு. இரண்டும் சிறுபான்மையினர் நடத்துபவை. அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மிச்சமிருக்கும் சின்னப் பள்ளிகளின் கொஞ்ச இடங்களுக்கு இந்த நெருக்கமான தெருக்கள் அத்தனையும் முட்டி மோதுகின்றன.

எங்கள் குலுக்கலுக்கு அடுத்த ஆண்டு இன்னும் மோசம். தேசியக் கல்விக் கொள்கையை மாநில அரசு ஏற்க மறுத்த தகராறில் மத்திய அரசு நிதியை நிறுத்தி வைக்க, பணம் இல்லை என்று மாநில அரசு சேர்க்கையைத் தொடங்கவில்லை. 2025 மே போனது, பள்ளி திறந்தது, நீதிமன்றம்வரை போய் அக்டோபரில்தான் தொடங்கினார்கள். அதுவும் ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு. ஜூனில் கட்ட முடிந்தவருக்கு அக்டோபரில் உரிமை. கட்ட முடியாத வீட்டுக்குக் குலுக்கல்கூட இல்லை.

இரண்டு கோரிக்கைகள். அதிகாரிகளுக்கு: சீட்டு எடுக்கப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். அந்தப் பையனுக்கு இப்போது ஒன்பது வயது இருக்கும், இன்னமும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பானோ என்று எனக்குப் பதறுகிறது. பெற்றோருக்கு: முடிவு தெரிந்த பத்து நாளைக்கு நகையைத் தொடாதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் கிடைத்தவர்களில் சிலர் சேராமல் விடுவதுண்டு. அந்தப் பத்து நாளுக்குள் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். பிள்ளையின் காதுபட “கிடைக்கவில்லை” என்று பேசாதீர்கள்.

மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். இனி ஆர்.டி.இ. மனுவுக்குக் காசு வாங்குவதில்லை. இரவு ஒன்பதுவரை கடையில்தான் இருப்பேன். பிறப்புச் சான்றில் பெயர் விட்டுப்போனவர்கள் முன்னாலேயே வாருங்கள், அதைத் திருத்தத்தான் நாளாகிறது.