வேலிக்கு முதலில் பணம் கொடுங்கள், ரசீதைப் பிறகு கேளுங்கள்

"ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கிற அமெரிக்கப் பண்ணைக்காரருக்கு தீயில் எரிந்த வேலியைத் திரும்பப் போட அரசாங்கம் எதுக்குக் காசு கொடுக்கணும்?" டாலஸில் உடன் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எனக்கு உறுத்துவது கொடுப்பது அல்ல, எப்போது கொடுக்கிறார்கள் என்பது.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடகோடியில், ஸ்டின்னெட் பக்கம், உளுத்து விழுந்த ஒரு மின்கம்பத்திலிருந்து கிளம்பியது ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த மாநிலம் கண்டதிலேயே பெரிய தீ. ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. (அதற்கான இழப்பீடு தனித் திட்டம், அதை விடுங்கள்.) வேலிகளில் மூலைக்கு நட்ட மரக்கம்பங்கள் கரிக்கட்டையாகிவிட்டன. முள்கம்பி மட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும். கிட்டே போனால் துத்தநாகப் பூச்சு போயிருக்கலாம், விறைப்பு போயிருக்கலாம். போயிருந்தால், மாடு சாய்ந்தால் தாங்காது.

வேலி இல்லையென்றால் மாடு நெடுஞ்சாலைக்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் புல். எரிந்த நிலத்தில் துளிர்ப்பதை அப்போதே மேயவிட்டால் வேர் தேறாது, மண் காற்றோடு போய்விடும். 1930களில் புழுதிப் புயலில் அடிபட்ட பூமி அது. புல்லுக்கு ஓய்வு வேண்டுமென்றால் மாட்டைத் தடுக்க வேலி வேண்டும். பேரிடரில் சேதமான பண்ணை நிலத்தைச் சீர்செய்ய அமெரிக்க அரசு உதவும் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் வேலிச் செலவு வருவது இதனால்தான். சொன்னேன், நண்பர் பாதி ஒத்துக்கொண்டார்.

சரி, பணத்துக்கு வருவோம். 1978 சட்டப்படி நடக்கும் இந்தத் திட்டத்தில் அரசு செலவில் 75 சதவீதம் வரை தரும், வசதி குறைந்தவர்களுக்கும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் 90 வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுவாக வேலையை முடித்து ரசீது காட்டினால்தான் பணம். 2018 பண்ணைச் சட்டம் வேலிக்கு முன்பணம் கொண்டுவந்தது, அதுவும் அரசின் பங்கில் கால்வாசிதான். அங்கே ஒரு மைல் வேலிக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் என்கிறார்கள். பத்து மைல் என்றால் ஒரு லட்சம். அரசுப் பங்கு 75 ஆயிரம், முன்பணம் 19 ஆயிரத்துக்கும் கீழே. மிச்சம் 81 ஆயிரத்தைப் புரட்ட வேண்டியவர் மாடும் புல்லும் பறிகொடுத்து நிற்கிற மனிதர். வங்கிக் கடன் சுலபமாகக் கிடைப்பவருக்கு இந்தத் திட்டம் உதவும். மற்றவர் விண்ணப்பத்தையே மடித்து வைத்துவிடுவார்.

வாங்கிய முன்பணத்தையும் 60 நாளில் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுற்றுவட்டாரமே கம்பத்துக்கும் வேலியாளுக்கும் அலையும்போது இது என்ன கெடு?

கள்ளக் கணக்கு எழுதுவார்கள் என்ற பயம் அரசுக்கு இருக்கலாம். வேலி ஒளித்துவைக்கிற பொருளா? ஓர் அதிகாரி வண்டியில் போனால் எண்ணிவிடலாம். முன்பணத்தை அரசின் பங்கில் பாதியாக உயர்த்துங்கள், கெடுவை ஆறு மாதமாக்குங்கள். அப்புறம், 2024 டிசம்பரில் 82.8 கோடி டாலர் ஒதுக்கியதுபோல் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் மனம் இரங்கும்வரை காத்திருக்காமல், வருஷாவருஷம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.