அத்தியாயத்துக்கு ஒரு இனம்

அமெரிக்காவில் மனநலக் கவுன்சிலிங் முதுகலை படித்தபோது எங்களுக்குப் பண்பாட்டுப் பன்மை பற்றி ஒரே ஒரு பாடம். வாரத்துக்கு ஒரு இனம். கறுப்பினத்தவருக்கு ஒரு வாரம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களுக்கு ஒரு வாரம், அப்புறம் ஆசியர்கள். ஆசியர்கள் உணர்ச்சியை வெளியே காட்டமாட்டார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. தாத்தா செத்த அன்று என் பெரியம்மாவும் அத்தைகளும் தெருவே அதிர ஒப்பாரி வைத்தது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு. வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது, சரிதானே என்பதுபோல. தலையாட்டிவிட்டேன். பரீட்சையிலும் அப்படியே எழுதி ஏ வாங்கினேன்.

இந்த மாதிரிப் படிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையில் வரும். அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன ஒரு லத்தீனப் பெண் வலியில் முனகுகிறார். அந்தப் பக்கம் வந்த லத்தீன மருத்துவர், இவருக்கு ரொம்ப வலிக்கிறது போலிருக்கே என்கிறார். நர்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர்கள் வலியைக் கூட்டிக் காட்டுவார்கள் என்று பண்பாட்டு வகுப்பில் படித்தாயிற்றே! அந்த நர்ஸும் வெள்ளையர் இல்லை, கறுப்பினத்தவர். பாடமே படிக்காதிருந்தால் அந்த முனகல் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. 'பண்பாட்டுத் திறன்' என்று சான்றிதழ் வாங்கி மாட்டுகிற விஷயமில்லை இது, ஆயுள் முழுக்கத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பணிவு வேண்டும் என்றார்கள் அந்த இருவரும்.

என் கதைக்கு வருகிறேன். பயிற்சிக் காலத்தில் கறுப்பினக் கிளையண்ட் ஒருவர், வேலையிடத்தில் தன் நிறத்தால் நேர்ந்த ஒரு அவமானத்தைச் சொன்னார். எனக்குக் கைவந்தது சிபிடி, அதாவது எண்ணங்களைச் சோதித்து மாற்றும் பேச்சு சிகிச்சை. எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா, வேறு விளக்கம் இருக்கலாமா என்று கேட்டுப் பழகியிருந்தேன். "அவர் வேறு ஏதாவது காரணத்துக்காகச் சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்றேன். அவர் சிரித்தார். இருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

பரீட்சைப் பயத்துக்கும் பல்லி பயத்துக்கும் அந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும். வாழ்நாளெல்லாம் 'உனக்குத்தான் அப்படித் தோணுது' என்று கேட்டவரிடம் அதையே நாமும் சொன்னால், அவர் எதற்குக் காசு கொடுத்து வரவேண்டும்? கேஸ் நோட்டில் 'சிகிச்சையில் ஈடுபாடு குறைவு' என்று எழுதியதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஈடுபாடு ஏன் குறைகிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1851-இல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பி ஓடும் அடிமைகளுக்கு 'டிராபெட்டோமேனியா' என்று ஒரு நோய்ப் பெயரே வைத்தார். சவுக்கடியை மருந்தாகச் சொன்னார். 1968-இல்கூட இரண்டு மனநல மருத்துவர்கள், கறுப்பினத்தவரின் மனநோயை அவர்களுடைய போராட்ட அரசியலோடு முடிச்சுப் போட்டு 'போராட்ட மனநோய்' என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இனவெறியில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2021-இல்! இதெல்லாம் எங்கள் பாடத்தில் இல்லை. கிளையண்டின் பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.

என்னைத் திருத்தியது என் சூப்பர்வைசர், பயிற்சியில் என்னை மேற்பார்த்த மூத்தவர். செஷன் ஒலிப்பதிவைப் போட்டு, அந்தக் கேள்வியிடம் நிறுத்தினார். "இந்த இடத்தில் உனக்கு என்ன ஆச்சு?" என்றார். கிளையண்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பாராட்டு வாங்கி, சிவப்பழகு கிரீம் பூசி வளர்ந்தவள் நான். இங்கே வந்த முதல் வாரமே, எந்தத் தெருப் பக்கம் போகக்கூடாது என்று சொந்தக்கார அண்ணன் ஒருவர் பட்டியல் கொடுத்தார். அது எதையும் நான் இறக்கி வைத்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அதனால் தனிப்பாடம் ஒன்றை வைத்துக் கடனைக் கழிக்காதீர்கள் என்கிறேன். எல்லாப் பாடத்திலும், எல்லா சூப்பர்விஷனிலும் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். 2015-இல் இங்கே உளவியலாளர்களில் 86 சதவீதம் வெள்ளையர். அந்த எண்ணிக்கை மாறத்தான் வேண்டும். மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள், நான் வெள்ளையரா என்ன?

இப்போது தெற்காசியர் யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள், 'உங்கள் ஆள்' என்று. வந்தவர் முதல் பத்து நிமிடத்தில் கேட்பார்: "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" கேட்பவர் என் சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாரா, தன் சாதியை என்னிடம் சொல்லலாமா என்று ஆழம் பார்க்கிறாரா என்பது குரலை வைத்துத்தான் தெரியும். நான் இன்னும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

கவுன்சிலிங் படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் சூப்பர்வைசர் பதிவைப் போட்டுக் கேட்கிறாரா, இல்லை நோட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரா?